குழந்தைப்பேறு சிகிச்சைச் செலவு: சொல்கிற தொகையும் ஆகிற தொகையும்

“எல்லாம் சேர்த்து 1,35,000 ஆகும் மேடம்” என்று மருத்துவமனைக் கவுண்டரில் இருந்த பெண் சொன்னதை அன்றைக்கே நோட்டில் எழுதிக்கொண்டேன். கருமுட்டையை வெளியே எடுத்து, லேபில் கருவாக்கி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஐ.வி.எஃப்., அதாவது டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குச் சொன்ன தொகை அது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கெழுதுவது என் வேலை. யார் தொகை சொன்னாலும் கை தானாகப் பேனாவைத் தேடும். ஏழு மாதம் கழித்து, முதல் முறை கரு வைத்து முடிவு தெரிந்த பிறகு அதே நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். 3,78,800.

யாரும் ஏமாற்றவில்லை. ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு அவர்கள் வைத்திருந்த அர்த்தம் ஒன்று, நாங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் வேறொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நகை அடகுக்குப் போகிறது, சீட்டு பாதியில் எடுக்கப்படுகிறது, மாமனாரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நான் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாக எழுதுகிறேன். நான் தரும் தொகைகள் திருச்சி, கோவை மாதிரியான ஊர்களின் தனியார் மையங்களில் நானும் தெரிந்தவர்களும் கட்டியவை. உங்கள் ஊரில் கூடும், குறையும். தொகையை விட்டுவிட்டுத் தலைப்புகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. முதல் செலவு கணவருடைய பரிசோதனை

‘விசேஷம் ஒண்ணும் இல்லையா’ என்று ஊர் கேட்கிற கேள்வி மனைவியிடம்தான் வரும். அதனாலேயே ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அவளிடமிருந்தே தொடங்குகின்றன. உண்மையில், குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை சில நூறு ரூபாய்தான். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. அதைச் செய்யாமல் இரண்டு வருடம் மனைவிக்கு மட்டும் மாத்திரை வாங்கிய குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே மூன்று. ஒரு முறை குறைவாக வந்தால் பதற வேண்டாம். சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்த பிறகுதான் எதையும் முடிவு செய்வார்கள்.

பெண்ணுக்கு தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்கள், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே. எங்களுக்கு இருவருக்குமான பரிசோதனைகள் 18,400 ஆயின. எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மருத்துவமனை மாறினால் “இங்கே மறுபடி எடுக்கணும்” என்பார்கள். ஏ.எம்.எச். எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் அதையே ஏற்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஏற்கிறார்கள், கேட்டால் மட்டும்.

35 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு வருடம் முயன்ற பிறகும், 35க்கு மேல் என்றால் ஆறு மாதத்திலும் டாக்டரிடம் போக வேண்டும் என்பது பொது விதி. எல்லோருக்கும் டெஸ்ட் டியூப்தான் வழி என்றும் இல்லை. தைராய்டைச் சரிசெய்ததும் கரு நின்றவர்கள் உண்டு. முட்டை வெளிவர மாத்திரை, அப்புறம் விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. என்று போகும் பாதை சில ஆயிரங்களில் முடியும். ஐ.யூ.ஐ. ஒரு தடவைக்கு 5,000 முதல் 15,000 வரை கேட்கிறார்கள். ஆனால் அதையே ஆறு, ஏழு தடவை செய்துகொண்டிருந்தால் அதுவும் ஒரு லட்சத்தை நெருங்கிவிடும். கூடவே வயதும் ஏறும். மூன்று தடவைக்கு மேல் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

2. மையம் பதிவு பெற்றதா, எந்த நிலை?

செயற்கைக் கருத்தரிப்புக்கான சட்டம் 2021இல் வந்தது. 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். முதல் நிலை மையம் ஐ.யூ.ஐ. மட்டும் செய்யலாம். ஐ.வி.எஃப். செய்ய இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். இது தெரியாமல் வீட்டுப் பக்கத்து மையத்தில் எல்லாப் பரிசோதனையும் முடித்து, கடைசியில் “இதுக்கு எங்க மெயின் பிராஞ்சுக்குப் போகணும்” என்று அனுப்பப்படுகிறவர்கள் நிறைய. அங்கே மறுபடி கன்சல்டேஷன், மறுபடி ஸ்கேன்.

அதே சட்டம் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21க்கு மேல் 50க்குக் கீழ் என்றும், ஆணுக்கு 21க்கு மேல் 55க்குக் கீழ் என்றும் வயது வரம்பு வைத்திருக்கிறது. 48 வயதில் யோசிக்கிறவர்கள் பணத்தோடு காலண்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. தொகையைப் பிரித்து எழுதி வாங்குங்கள்

இந்த ஒன்றைச் செய்தால் பாதி வேலை முடிந்தது. என் நோட்டிலிருந்து முதல் சைக்கிளை, அதாவது முதல் சுற்று சிகிச்சையை, அப்படியே தருகிறேன்.

பேக்கேஜ் 1,35,000. இதில் ஸ்கேன்கள், முட்டை எடுப்பது, மயக்க மருந்து, லேப் வேலை, அதே மாதத்தில் கரு வைப்பது எல்லாம் அடக்கம். முட்டை வளர்க்கும் ஊசிகள் தனி: 82,600. கணவரின் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்ததால் ஒரு விந்தணுவை எடுத்து நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி, அதற்கு 20,000. முட்டை எடுத்த பிறகு ஹார்மோன் அளவு கூடியிருந்ததால் அந்த மாதம் வைக்கவில்லை, கருக்களை உறைய வைத்தார்கள்: 25,000. கர்ப்பப்பைக்குள் சிறிய சதை வளர்ச்சி தெரிந்தது, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டிராஸ்கோப்பி 22,000. இரண்டு மாதம் கழித்து உறைய வைத்த கருவை வைக்க 45,000. அதற்கு முன்னும் பின்னும் மாத்திரை, ஜெல், கரு நின்றதா என்று காட்டும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை 14,500. பஸ், கார், சாப்பாடு, இரண்டு இரவு லாட்ஜ் 16,300. முதல் படியில் சொன்ன பரிசோதனைகளையும் சேர்த்தால் 3,78,800. விடுப்பு தீர்ந்து சம்பளத்தில் பிடித்த 11,200ஐ இதில் சேர்க்கவில்லை.

இதில் உறுத்திய இடம் ஒன்று. பேக்கேஜில் ‘கரு வைப்பது’ அடக்கம் என்று படித்தேனா? அந்த மாதமே வைத்தால்தான் அது அடக்கம். உறைய வைத்தால் அது வேறு தலைப்பு. இன்றைக்குப் பல மையங்களில் முதலில் உறைய வைத்துவிட்டு அடுத்த மாதங்களில் வைப்பதுதான் வழக்கம். அதாவது, விலைக்குள் இருப்பதாகச் சொன்ன வேலை பலருக்கு நடப்பதே இல்லை. அதற்கான பணம் திரும்பி வருமா என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. நீங்கள் கேளுங்கள்.

கூடவே இவற்றையும் கேட்டு, அவர்களுடைய தாளிலேயே எழுதி வாங்குங்கள்: ஊசி உட்படவா, இல்லையா? இக்ஸி சேர்த்தா? எத்தனை கரு வரை உறைய வைக்க இந்தத் தொகை, எத்தனை மாதத்துக்கு? முட்டை சரியாக வளராமல் பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? முட்டை எடுத்தும் கரு உருவாகவில்லை என்றால்? ஊசிக்கு உடல் அதிகமாக எதிர்வினை காட்டி, வயிறு வீங்கி அட்மிட் ஆக வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது? “அதெல்லாம் உங்களுக்கு வராது மேடம்” என்று பதில் வந்தால் விடாதீர்கள். வராவிட்டால் சந்தோஷம், வந்தால் எவ்வளவு?

ஒரு துணுக்கு. ஐ.வி.எஃப். போன்ற சிகிச்சைகள் மருத்துவச் சேவைதான், அவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டது. மருந்துக்கு வரி உண்டு, அது எம்.ஆர்.பி.க்குள்ளேயே இருக்கும். சிகிச்சைக் கட்டணத்துக்கு மேல் தனியாக வரி போட்டிருந்தால் பில்லை நீட்டிக் கேளுங்கள்.

4. ஊசிக் கணக்கு

பேக்கேஜ் விலையை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள், ஊசி விலையை யாரும் ஒப்பிடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் மாறுவது இதுதான். முட்டை வளர்க்கும் ஊசி 9 முதல் 12 நாள் வரை போகும். ஒரு நாளைக்கு 150 யூனிட் போதுமானவர்கள் உண்டு, 300 தேவைப்படுகிறவர்களும் உண்டு. வயது கூடியிருந்தால், ஏ.எம்.எச். குறைவாக இருந்தால் அளவு கூடும். தங்கைக்கு 45,000 ஆனதே என்று அக்கா அதே தொகையை வைத்துக் கணக்குப் போட முடியாது. முதல் ஸ்கேனும் ஏ.எம்.எச்.சும் கையில் இருந்தால் டாக்டரால் தோராயமான அளவைச் சொல்ல முடியும். அந்த அளவை வைத்து ‘குறைந்தது, அதிகபட்சம்’ என்று இரண்டு தொகை கேளுங்கள். அதிகபட்சத்தைத்தான் பட்ஜெட்டில் எழுத வேண்டும்.

லேபில் தயாராகும் ஊசி விலை கூடியது, சிறுநீரிலிருந்து சுத்திகரித்து எடுப்பது மலிவு. உங்கள் உடலுக்கு எது என்பது டாக்டர் முடிவு. ஆனால் “விலை குறைந்தது போட்டால் எனக்கு என்ன வித்தியாசம்?” என்று கேட்பதில் தவறில்லை. எம்.ஆர்.பி.க்கும் வாங்கும் விலைக்கும் பெரிய இடைவெளி உள்ள மருந்துகள் இவை. உள்ளே இருக்கும் பார்மசியில் கேட்டேன், அசையவில்லை. வெளியே ஒரு மொத்த மருந்துக் கடையில் அதே கம்பெனி, அதே ஊசி, கணிசமாகக் குறைத்துக் கொடுத்தார்கள். வாங்கும் முன் மருத்துவமனை வெளி மருந்தை ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைப் பையன் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்துக் கொடுத்துவிட்டு, “அக்கா, வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வச்சுடாதீங்க. அப்புறம் போட்டும் பிரயோஜனம் இல்ல” என்றான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. திருச்சியிலிருந்து கரூர் வரை அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டில் மோர்ச் சட்டிக்குப் பின்னால் வைத்தேன், வருகிறவர் போகிறவர் கண்ணில் படாமல். மூன்றாம் நாள் ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. 20,000 ரூபாய் மருந்து ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது, கதவைத் திறக்கவும் பயம். அன்றிலிருந்து இரண்டு மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்கினேன். அதில் இன்னொரு லாபம்: டாக்டர் அளவை மாற்றினாலும், ஒரு நாள் முன்னதாக நிறுத்தினாலும் ஊசி மிஞ்சிப் போகாது. குளிரில் வைக்கிற மருந்தைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

ஃபோலிக் ஆசிட், தைராய்டு மாத்திரை போன்றவற்றை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். சின்னத் தொகைதான், ஆனால் மாதாமாதம் போவது.

5. ஒரு தடவைக்கு அல்ல, மூன்று தடவைக்கு

சொந்த முட்டையில் உருவான ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே தோராயமாக மூன்றில் ஒன்று. 40ஐத் தாண்டினால் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒன்று என்றால், ஒரு தடவைக்கு 33 சதவீதம், இரண்டு தடவைக்குள் 56, மூன்று தடவைக்குள் 70. மூன்றாவது வரை போனாலும் நூறு பேரில் 30 பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பத்தில் ஒன்று என்றால் மூன்று தடவைக்குள் 27தான்.

விளம்பரப் பலகையில் 70, 80 சதவீதம் என்று பார்த்தால், எதற்கு அந்த சதவீதம் என்று கேளுங்கள். பீட்டா பாசிட்டிவுக்கா, இதயத்துடிப்புக்கா, கையில் குழந்தைக்கா? எந்த வயதுக்கு? தானமாகப் பெற்ற முட்டையையும் சேர்த்தா? ‘தோற்றால் பணம் வாபஸ்’ பேக்கேஜ்களிலும் இதே கேள்விதான். பீட்டா பாசிட்டிவ் வந்தாலே வெற்றி என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எட்டாவது வாரம் கலைந்தவளுக்கு வாபஸ் கிடையாது.

எண்ணிக்கை எப்படிக் கரைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு 11 முட்டை எடுத்தார்கள். முதிர்ந்தவை 8. கருவானவை 6. ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை 3. பதினொன்று என்று கேட்டதும் அத்தை சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள். ஐந்தாம் நாள் மூன்று என்றபோது வீட்டில் யாரும் பேசவில்லை. ஆனால் கணக்காகப் பார்த்தால் அந்த மூன்றும் மூன்று வாய்ப்பு. அடுத்தடுத்து வைக்கும்போது முட்டை எடுக்கும் செலவு இல்லை, 45,000மும் மருந்தும்தான். அதனால் பட்ஜெட்டை இப்படிப் போடுங்கள்: ஒரு முறை முட்டை எடுப்பது, மூன்று முறை கரு வைப்பது, அதன்மேல் 15 சதவீதம் எதிர்பாராததற்கு. அந்தத் தொகை கைக்கு எட்டுமா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் ஊசி.

“ரெண்டா வச்சா சீக்கிரம் முடியும், இரட்டைன்னா ஒரே செலவு” என்று நாத்தனார் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரட்டைக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பு அதிகம். தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு குழந்தைகளை மூன்று வாரம் வைத்தால், ஐ.வி.எஃப். செலவெல்லாம் சில்லறையாகத் தெரியும். எத்தனை கரு வைப்பது என்பதை டாக்டரோடு பேசும்போது இந்தக் கணக்கும் மேஜையில் இருக்க வேண்டும்.

6. கூடுதல் சேவைகள்

முதல் முறை தோற்றதும் ஒரு பட்டியல் வரும். கருவின் மரபணுப் பரிசோதனை, கருவுக்கு 15,000 முதல் 30,000. கர்ப்பப்பை ஏற்கும் நாளைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, கருவின் ஓட்டில் லேசர் துளை, சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைச் செலுத்தும் பி.ஆர்.பி., இன்னும் என்னென்னவோ. மனம் உடைந்திருக்கும் நேரத்தில் எதற்கும் தலையாட்டுவோம். சிலருக்குச் சில தேவைப்படலாம், குறிப்பாகக் குடும்பத்தில் மரபணு நோய் இருந்தால். எல்லோருக்கும் எல்லாம் தேவை என்பதற்கு ஆதாரம் இல்லை. பிரிட்டனில் இந்தத் துறையை ஒழுங்குபடுத்தும் எச்.எஃப்.இ.ஏ. என்ற அமைப்பு இந்தக் கூடுதல் சேவைகளுக்கு ஆதாரத்தின் பலத்தைப் பொறுத்து நிறம் கொடுத்து, இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இது ஏன்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

முட்டை தானம் தேவைப்பட்டால் சட்டம் கறாரானது. தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், பதிவு பெற்ற முட்டை வங்கி மூலமாகத்தான் வர வேண்டும். அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுப்பது உங்கள் பொறுப்பு, அது உங்கள் செலவில் ஒரு வரி. “தெரிந்த பெண் இருக்கிறாள், கையில் கொடுத்தால் போதும்” என்று எந்தப் புரோக்கர் வந்தாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் முட்டையை விற்ற வழக்கு வெளிவந்தபோது, அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

7. வேறு யாராவது தருவார்களா?

சாதாரண மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின்மை சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும். பாலிசி தாளில் எக்ஸ்க்ளூஷன் 17 என்ற எண்ணைத் தேடுங்கள், அதுதான். சில புதிய பாலிசிகள் தனியாக ஒரு தொகை தருகின்றன, இரண்டு மூன்று வருடம் காத்திருக்கும் நிபந்தனையோடு. புதிதாகத் திருமணமானவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது, சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு எடுத்துப் பயன் இல்லை. ஆனால் கட்டி, கர்ப்பப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்றவற்றுக்கு அட்மிட் ஆகிச் செய்யும் அறுவை சிகிச்சை தனி நோயாகக் கணக்கில் வரலாம். செய்துகொள்ளும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

அலுவலகக் குழுக் காப்பீட்டை அலட்சியம் செய்யாதீர்கள். ஐ.டி. நிறுவனங்கள் சிலவற்றில் இதற்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், எச்.ஆரிடம் கேட்க வெட்கப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள். மத்திய அரசு ஊழியர்கள் அவர்களுக்கான சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். வழியாக, முன் அனுமதி பெற்று, மூன்று சைக்கிள் வரை திரும்பப் பெறலாம். 2011 உத்தரவில் ஒரு சைக்கிளுக்கு 65,000 வரை என்று இருந்தது. இப்போதைய வரம்பை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி வாங்காமல் செய்துவிட்டு பில்லைக் கொண்டுபோனால் கதவு மூடிவிடும்.

அரசு மருத்துவமனையை மறந்துவிடாதீர்கள். சென்னை எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை போன்ற இடங்களில் முதற்கட்டப் பரிசோதனைகளை மிகக் குறைந்த செலவில் முடித்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனை இல்லை என்றாலும், வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும். 28 வயதுக்காரிக்குக் காத்திருப்பது லாபம், 39 வயதுக்காரிக்கு அந்த ஆறு மாதம் பணத்தைவிடப் பெரிது.

8. பணம் திரட்டுவது, நிறுத்துவது

மூன்று லட்சத்தை 14 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடனாக எடுத்து மூன்று வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 10,250. வட்டி மட்டும் 69,000. அது கிட்டத்தட்ட ஒன்றரை தடவை கரு வைக்கும் தொகை. கையில் நகை இருந்தால் வங்கியின் நகைக்கடன் பெரும்பாலும் மலிவு. மருத்துவமனையிலேயே ‘வட்டியில்லா தவணை’ என்றால் ரொக்கத்துக்கு என்ன விலை என்று தனியாகக் கேளுங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கந்துவட்டி மட்டும் வேண்டாம். பீட்டா நெகட்டிவ் வந்த வாரத்திலும் தவணைக்காரர் வாசலில் நிற்பார்.

முழுத் தொகையையும் முதல் நாளே கட்டாதீர்கள். கட்டம் கட்டமாகக் கட்டலாமா என்று கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை முதல் ஊசிக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். எத்தனை தடவை, எவ்வளவு தொகை, எந்தச் சொத்தில் கை வைக்க மாட்டோம். எங்கள் நோட்டில் அவர் எழுதியது: “மொத்தம் 6 லட்சம். அப்பா வீட்டுப் பத்திரம் தொடக்கூடாது.” முதல் கரு நிற்காமல் போன இரவில் அவரே பத்திரத்தை எடுத்தார். நான் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டார். இரண்டாவது கரு நின்றது. மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. அவள் பிறக்கும்போது கணக்கு 5,20,000ஐத் தாண்டியிருந்தது, பிரசவச் செலவு சேர்க்காமல்.

மூன்றாவது கரு இன்னும் அங்கேதான் இருக்கிறது. உறைய வைத்ததைச் சட்டப்படி 10 வருடம் வரை வைத்திருக்கலாம், வருடாவருடம் வாடகை கட்ட வேண்டும். எங்களுக்கு 12,000. தேதி தவறினால் என்ன செய்வார்கள் என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தில் இருக்கும், இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். கைப்பேசி எண் மாறினால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். எங்கள் வாடகைத் தேதி ஜூன் மாதம். புதுப்பிப்பதா, வேண்டாமா என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே தொகை எழுதாமல் விட்டிருக்கிறேன்.